ஐம்பத்தெட்டில் கட்டிய வீடு

பெரியப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றைக்குத்தான் அந்த வீட்டை முதல்முறையாக டேப் பிடித்து அளந்தோம். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, இனி வீல்சேரில் உட்காரலாம் என்று டாக்டர் சொன்னதில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. வாசலில் ஏழு படி. நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிவிட்டோம், அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. சாயங்காலம் அவருக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. வீல்சேர் பாத்ரூம் வாசலில் போய் நின்றுவிட்டது.

கதவு இரண்டரை அடி. அதாவது நிலையோடு சேர்த்து இரண்டரை அடி. இரண்டு பக்கமும் நிலைக்கட்டை இரண்டரை அங்குலம் எடுத்துக்கொண்டால் மிச்சம் 25. கதவைத் திறந்து வைத்தால் அதன் தடிமன் இன்னும் ஒன்றேகால் அங்குலத்தை விழுங்கும். வீல்சேரின் அகலம் 25½. கதவைக் கழற்றினால் நுழைந்துவிடும் என்று நினைத்துக் கழற்றினோம், அப்படியும் அரை அங்குலம் இடித்தது. கடைசியில் மறுநாள் கொத்தனாரை வரவழைத்து நிலையையே பெயர்த்து எடுத்துவிட்டு ஒரு திரையைத் தொங்கவிட்டோம். ஒரு காலத்தில் இருபது முப்பது பேரை வேலை வாங்கிய மனிதர், அதற்கப்புறம் இருந்த நாளெல்லாம் கதவில்லாத பாத்ரூமுக்குத்தான் போய்வந்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. யாராவது கூடத்தில் இருந்தால் மட்டும் "டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை" என்பார்.

அந்த வீட்டை அவர் 2004-இல் கட்டினார். அப்போது அவருக்கு 58 வயது. தமிழக அரசு வேலையில் அன்றைக்கு ஓய்வு வயது அதுதான், 2020-இல் 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. கிராஜுவிட்டி, பி.எஃப், விடுப்புக்கு வந்த பணம், எல்லாம் ஒரே மாதத்தில் கையில் விழுகிற காலம் அது. நம் ஊரில் நிறையப் பேர் சொந்த வீடு கட்டுவது அந்தப் பணத்தில்தான், அல்லது அதை நம்பி ஐந்தாறு வருடம் முன்னால் வாங்கிய கடனில். கவனித்துப் பார்த்தால், மனிதனுடைய வாழ்க்கையில் பணம் அதிகமாக இருக்கும் நேரமும், உடம்பு "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லும் கடைசி நேரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. அந்த நேரத்தில் போடுகிற பிளான், ஐம்பத்தெட்டு வயது உடம்புக்கான பிளானாகத்தான் இருக்கும். வாழப்போவதோ அதற்கப்புறம் உள்ள இருபது, இருபத்தைந்து வருடம். இந்தியாவில் 60-ஐத் தொட்டவருக்குச் சராசரியாக இன்னும் 18 ஆண்டு வாழ்க்கை இருக்கிறது என்கிறது அரசுக் கணக்கு. அது சராசரி. வேளைக்குச் சாப்பாடு, பக்கத்தில் டாக்டர், மாதம் பிறந்தால் ஓய்வூதியம் என்று இருக்கிற குடும்பங்களில் எண்பதைத் தாண்டுவது இப்போது அதிசயமே இல்லை.

தமிழ்நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கான மதிப்பீடு 13.6, 2031-க்கு 18.2. அதாவது இன்னும் சில வருடத்தில் ஐந்தில் ஒருவர் என்ற நிலைக்குப் பக்கத்தில் போய்விடுவோம், கேரளம் நமக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது. இவ்வளவு பேர் எந்த வீட்டில் இருக்கப்போகிறார்கள்? முதியோர் இல்லத்திலோ ரிட்டயர்மென்ட் குடியிருப்பிலோ இருக்கப்போவது கொஞ்சம் பேர்தான். மீதிப் பேர், பெரியப்பா மாதிரி, தாங்களே கட்டிய வீட்டில்தான்.

அந்த வீடுகள் எங்கே தப்பிப்போகின்றன என்று பார்ப்போம்.

முதலில் மாடி. நம்முடைய நடுத்தர வர்க்கத்தில் ஒரு கணக்கு உண்டு: கீழே வாடகைக்கு விட்டுவிட்டு மேலே நாம் இருந்துகொள்ளலாம். காற்று வரும், கொசு குறைவு, திருட்டுப் பயமில்லை, தலைக்கு மேலே வாடகைக்காரர் நடக்கும் சத்தம் கேட்காது, கீழ்ப்போர்ஷனுக்கு வாடகையும் கூடக் கிடைக்கும். எல்லாமே நியாயமான காரணம்தான், ஐம்பத்தெட்டு வயதில். ஆனால் மாடிப்படியில் ஏறுவதை விட இறங்குவதுதான் முழங்காலுக்குப் பாடு என்பது அறுபத்தைந்துக்கு மேல்தான் தெரியவரும். அதற்கப்புறம் என்ன நடக்கிறது என்றால், யாரும் "இனி நான் இறங்க மாட்டேன்" என்று அறிவிப்பதில்லை. முதலில் காலையில் நடைப்பயிற்சி நிற்கும், பிறகு கோவில் வாரம் ஒருமுறையாகும், காய்கறிக்காரரிடம் மாடியிலிருந்தே கூடையைக் கயிற்றில் இறக்குவார்கள். ஒரு நாள் பார்த்தால் மூன்று மாதமாகத் தெருவில் கால் வைக்கவில்லை என்று தெரியும். நடக்காத கால் இன்னும் பலவீனமாகும், பலவீனமான கால் இன்னும் நடக்காது. வீட்டைக் கட்டும்போதே கீழ்த்தளத்தை நமக்கு, மாடியை வாடகைக்கு என்று மாற்றி யோசித்துவிட்டால், மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ வாடகை குறையலாம். அவ்வளவுதான் நஷ்டம். சொந்த வீட்டுக்காரர்தான் மேலே இருக்க வேண்டும் என்ற கௌரவம் வேறு சில பேருக்கு இருக்கிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தனி வீடாக இருந்து, படுக்கையறைகள் எல்லாம் மாடியில் என்று பிளான் வந்தாலும் இதே கதைதான். கீழே ஒரே ஒரு படுக்கையறையும் அதோடு ஒட்டிய பாத்ரூமும் இருந்தால் போதும். "கெஸ்ட் ரூம்" என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. பத்து வருடம் கழித்து அந்த விருந்தாளி நாம்தான்.

அடுத்தது அந்த ஏழு படி. இதில் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழசைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டு, ரோடு வருடா வருடம் உயர்ந்துகொண்டே வந்தது, பழைய வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. சென்னையில் 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பரையும் பார்த்த பிறகு யாரிடமும் பேஸ்மென்ட்டைக் குறைத்துப் போடுங்கள் என்று சொல்ல வாய் வராது. மூன்றடி, நாலடி உயர்த்துகிறார்கள். சரி, படிக்குப் பதில் சாய்தளம் போட்டுக்கொள்ளலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுவோம், கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சங்கடம் புரியும். வீல்சேருக்கான சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது அளவு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்றடி பேஸ்மென்ட்டுக்கு 36 அடி, நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளமும் வேண்டும். அரை கிரவுண்டு மனையில், முப்பதுக்கு நாற்பதில், 36 அடிக்கு எங்கே போவது? அதனால் என்ன செய்கிறார்கள் என்றால், பைக் ஏற்றுவதற்காகப் படியின் ஓரத்தில் ஒரு செங்குத்தான சரிவைப் போட்டுவிட்டு அதையே "ராம்ப்" என்கிறார்கள். அதில் வீல்சேரை ஏற்றப் பார்த்தால் தள்ளுகிறவருக்கும் சேர்த்து ஆம்புலன்ஸ் சொல்ல வேண்டியிருக்கும்.

சின்ன மனையில் செய்யக்கூடியது வேறு. பக்கவாட்டில் விடுகிற காலியிடத்தை வீணாக்காமல், வாசலில் தொடங்கி வீட்டின் ஓரமாகவே நீளமாகப் போய்ப் பின்வாசலில் ஏறும்படி சாய்தளம் அமையுமா என்று பாருங்கள், பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போவது ஒன்றும் அவமானமில்லை. அதற்கும் இடமில்லை என்றால் படியையே நல்ல படியாகப் போடலாம். ஏழு அங்குல உயரம், பத்து அங்குல அகலம் என்று போடுவதை ஆறு அங்குல உயரம், பன்னிரண்டு அங்குல அகலம் என்று மாற்றினால் மூன்றடிக்கு ஒரு படிதான் கூடும். இரண்டு பக்கமும் கைப்பிடி. ஒரு பக்கம் போதாது, ஏனென்றால் பக்கவாதம் எந்தப் பக்கம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது, ஏறும்போது வலது கையில் கிடைத்த கம்பி இறங்கும்போது இடது பக்கம் போய்விடும். வீல்சேர் தேவைப்படும் முதியவர்களை விட, ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டால் தானாக ஏறி இறங்கிவிடக்கூடிய முதியவர்கள் ரொம்ப அதிகம், அவர்களுக்கு அந்தக் கம்பியைத் தராமல்தான் நாம் வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறோம்.

படியில் இன்னொரு வினை, பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட். கிரகப்பிரவேசத்தன்று முகம் பார்க்கலாம் போல மின்னும். மழை பெய்தால், இல்லை கோலம் போடத் தண்ணீர் தெளித்தால், கண்ணாடிதான். அதைவிட மோசம், ஏழு படியும் ஒரே கறுப்பாக இருப்பதால் ஒரு படி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வயதான கண்ணுக்குத் தெரியாது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் போகிறது. கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. கண்புரை வந்தால் கேட்கவே வேண்டாம். படியின் விளிம்பில் இரண்டு அங்குலத்துக்கு வெள்ளையோ மஞ்சளோ ஒரு பட்டை, சொரசொரப்பாக, கல் வெட்டுகிறவரிடமே சொன்னால் செய்து தருவார். அழகு போய்விடும் என்று பொறியாளர் சொல்வார். சொல்லிக்கொள்ளட்டும்.

இப்போது பாத்ரூமுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையில் எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

உலகம் முழுக்க ஒரு வருடத்தில் கீழே விழுந்து இறப்பவர்கள் சுமார் 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் மற்ற எல்லா வயதினரையும் விட அதிகம். விழுந்த உடனே சாவதில்லை பலர். இடுப்பு முறியும், படுக்கையில் விழுவார்கள், சளி நெஞ்சில் கட்டும், புண் வரும். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க, அப்புறம் எந்திரிக்கவே இல்ல" என்ற வாக்கியத்தைத் துக்க வீடுகளில் எத்தனை முறை கேட்டிருப்போம்.

பாத்ரூமில் ஏன் இவ்வளவு நடக்கிறது? இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போக வேண்டிய வயது அது. படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் ஒரு கணம் இறங்கும், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாக. சர்க்கரை நோய் பல வருடமாக இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போயிருக்கும், தரை ஈரமா காய்ந்திருக்கிறதா என்றே கால் சொல்லாது. விளக்கைப் போட்டால் பக்கத்தில் படுத்திருப்பவர் எழுந்துவிடுவாரே என்று இருட்டிலேயே போவார்கள். அப்படிப் போகிறவருக்குப் பாத்ரூம் வாசலில் நம் வீடுகள் என்ன வைத்திருக்கின்றன? ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு கல் தடுப்பு, அதைத் தாண்டியதும் இரண்டு அங்குலப் பள்ளம். தண்ணீர் அறைக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காகக் காலம் காலமாகச் செய்கிற ஏற்பாடு. கொத்தனாரிடம் "பாத்ரூமும் ரூமும் ஒரே மட்டமாக இருக்கட்டும்" என்று சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். தண்ணீரைத் தடுக்கத் தடுப்புதான் வேண்டும் என்றில்லை. குளிக்கும் மூலையை நோக்கித் தரையை நன்றாக வாட்டம் கொடுத்து, வாசலை ஒட்டி நீளவாக்கில் ஒரு சல்லடை வடிகால் போட்டால் தண்ணீர் அதில் இறங்கிவிடும். ஆனால் இதைக் கூரை கான்கிரீட் போடுவதற்கு முன்பே, பாத்ரூம் இருக்கும் பகுதியை எவ்வளவு இறக்கிப் போட வேண்டும் என்று முடிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். டைல்ஸ் ஒட்டுகிற அன்று வந்து சொன்னால் காலம் கடந்துவிட்டது.

டைல்ஸ் கடையில் "ஆன்டி ஸ்கிட் சார், ஆர்-10, ஆர்-11" என்பார்கள். நல்லதுதான், ஆனால் அந்த ஆர் எண் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் சிரிப்பு வரும். ஜெர்மன் தர முறை அது. சரிவான பலகையில் டைல்ஸ் பதித்து, எண்ணெய் ஊற்றி, வேலைக்காலணி போட்ட ஒருவரை நடக்கவிட்டு, எந்தச் சரிவில் வழுக்குகிறார் என்று பார்த்துக் கொடுப்பது. தொழிற்சாலைத் தரைக்கானது. வெறுங்காலில், சோப்புத் தண்ணீரில் நடந்து பார்க்கும் சோதனை வேறொன்று உண்டு, அதில் ஏ, பி, சி என்று தரம் வரும், சி-தான் மேலானது. நம் கடைகளில் அதைக் கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்கள். நான் சொல்வது எளிய வழி: கடையிலேயே மாதிரி டைல்ஸைத் தரையில் போடச் சொல்லுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். முடிந்தால் துளி தேங்காய் எண்ணெயும் விட்டுப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடாத தலைமுறை இது. நல்லெண்ணெயும் சீயக்காயும் சோப்பும் கலந்து அந்தத் தரையில் ஓடும்போது எந்த விளம்பரமும் உதவாது. சின்னச் சின்ன டைல்ஸாகப் போட்டால் இடையில் வரும் சிமென்ட் கோடுகள் அதிகம், காலுக்குப் பிடிமானம் கிடைக்கும். இரண்டடிக்கு இரண்டடி பளபளப்பைக் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கூடத்திலும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

அப்புறம் கைப்பிடிக் கம்பி. தடுமாறுகிற மனிதர் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைப் பிடிப்பார். நம் பாத்ரூமில் கிடைப்பது துண்டு போடும் கம்பி, குழாய், வாஷ்பேசின். துண்டுக் கம்பி இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்கிறது, ஆளோடு சேர்ந்து அதுவும் வரும். உண்மையான கைப்பிடிக் கம்பி ஒரு ஆளின் முழு எடையையும் தாங்க வேண்டும், அதற்குச் சுவர் ஒத்துழைக்க வேண்டும். நல்ல செங்கல் சுவர் பரவாயில்லை. இப்போது எங்கே பார்த்தாலும் எடை குறைந்த வெள்ளை பிளாக், அல்லது ஹாலோ பிளாக். அதில் சாதாரண ஸ்க்ரூ நாளடைவில் ஆடிவிடும். கம்பி வரப்போகும் இடத்தில் மட்டும் கட்டும்போதே கான்கிரீட் பட்டை ஒன்று கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது, செலவு ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு மேல் போகாது. கம்பியை உடனே மாட்ட வேண்டும் என்றுகூட இல்லை. சுவர் தயாராக இருந்தால் போதும். இன்னொன்று, பூசுவதற்கு முன்னால் பைப் எங்கெங்கே போகிறது என்று எல்லாச் சுவரையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துக் கம்பி மாட்ட வருகிறவர் டிரில்லை நேராகத் தண்ணீர்க் குழாயில் இறக்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

டாய்லெட்டின் உயரத்தை யாரும் கேட்பதே இல்லை. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 15, 16 அங்குலம். தேய்ந்த முழங்காலுக்கு 18 அங்குலம் இருந்தால் எழுவது எவ்வளவு சுலபம் என்பது எழுந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். சுவரில் மாட்டும் வகை என்றால் வேண்டிய உயரத்தில் மாட்டிக்கொள்ளலாம். குளிக்க ஒரு ஸ்டூல், அதில் உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் குழாய். வாளியில் மொண்டு ஊற்றிக் குளிக்கிறவர்கள் குனிந்து குனிந்து நிமிர்வதுதான் தலைசுற்றலுக்கு அழைப்பு, வாளியை ஒரு சின்ன மேடையில் வைத்தாலே பாதி குனிவு போய்விடும். கீசரின் சூட்டைக் குறைத்தே வையுங்கள், மரத்த தோலுக்குச் சுடுவது தாமதமாகத்தான் உறைக்கும்.

கதவு. அது உள்பக்கமாகத் திறக்கக் கூடாது. சின்னப் பாத்ரூமில் விழுகிறவர் பெரும்பாலும் கதவுக்கும் சுவருக்கும் நடுவில்தான் கிடப்பார். வெளியிலிருந்து தள்ளினால் கதவு அவர் மேலேயே மோதும். வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் நகரட்டும். மூன்றடி அகலம் இருக்கட்டும், திறந்த பிறகு மூன்றடி. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகளும் 900 மில்லிமீட்டர் என்றுதான் சொல்கின்றன. வீல்சேர் ஒரு சுற்றுத் திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும் என்றும் சொல்கின்றன. அவை பொதுக் கட்டடங்களை மனதில் வைத்து எழுதியவை, அரை கிரவுண்டில் வீடு கட்டுகிற நம்மிடம் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. கேட்காததால்தான் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தாழ்ப்பாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் தனியாக இருக்கும் முதியவர்கள் இரவானதும் கிரில் கேட்டுக்கு உள்பக்கம் பூட்டு, வாசல் கதவுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்று தாழ்ப்பாள், பின்கதவுக்கு ஒரு குறுக்குக் கட்டை, இத்தனையும் போட்டுவிட்டுத்தான் படுக்கிறார்கள். செய்தித்தாளில் வருகிற கொலை, கொள்ளையைப் படித்தால் அந்தப் பயம் புரிகிறது. ஆனால் உள்ளே விழுந்து கிடந்தால்? பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு ஓடி வந்தாலும் கதவை உடைக்க ஆள் தேட வேண்டும். தாழ்ப்பாளுக்குப் பதில் உள்ளிருந்து திருகிப் பூட்டி, வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்கிற பூட்டு, ஒரு சாவி நம்பிக்கையான பக்கத்து வீட்டில். பாத்ரூமுக்கும் நாணயத்தை வைத்து வெளியிலிருந்து திருகித் திறக்கும் பூட்டு கிடைக்கிறது. காலிங் பெல்லுக்கான ஒரு வயரைப் பாத்ரூமுக்குள் இழுத்து, ஒரு சுவிட்சைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வையுங்கள். நின்றால் எட்டுகிற உயரத்தில் வைத்தால் விழுந்தவருக்கு எட்டாது.

சமையலறையைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீடுகளில் கணவர் வயதில் மூத்தவர், பெண்கள் ஆண்களை விடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். இந்த இரண்டையும் கூட்டினால், கணவர் தன் ஆசைப்படி கட்டிய வீட்டில் கடைசிப் பத்து வருடம் தனியாக வாழப்போவது மனைவிதான். ஆனால் பிளான் போடுகிறவர்கள் மேஜையைச் சுற்றி அவரைப் பெரும்பாலும் உட்கார வைப்பதில்லை. வைத்திருந்தால் மோட்டார் சுவிட்சை மாடிப்படிக்குக் கீழே குனிந்து எட்டுகிற இடத்தில் வைத்திருக்க மாட்டார்கள். பண்டிகைப் பாத்திரங்களை எட்டடி உயரப் பரணில் ஏற்றி, அதற்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை ஏணியாக்கியிருக்க மாட்டார்கள். நிரம்பிய கேஸ் சிலிண்டர் 14.2 கிலோ கேஸோடு மொத்தம் முப்பது கிலோ வரை வரும், அதை மேடைக்கு அடியில் மூலைக்குள் தள்ளும்படி வைத்திருக்க மாட்டார்கள். வெளியே ஒரு சின்னக் கூண்டில் இரண்டு சிலிண்டரையும் வைத்துக் குழாய் மூலம் கேஸை உள்ளே கொண்டுவந்தால், சிலிண்டர் போடுகிறவரே மாட்டிவிட்டுப் போய்விடுவார். பெரியம்மா இன்றைக்கும் சிலிண்டர் மாற்றத் தெருமுனை இஸ்திரிக்காரரைத்தான் கூப்பிடுகிறார்.

எந்த அறையை முதியவர்களுக்குக் கொடுப்பது என்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. "தொந்தரவு இல்லாமல் அமைதியாக இருக்கட்டும்" என்று பின்பக்க அறை. அவர்களுக்கு அமைதி ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. அந்தக் காலத்துத் திண்ணை என்ன செய்தது? காசு செலவில்லாமல் ஒரு கிழவரைத் தெருவோடு இணைத்து வைத்தது. தபால்காரர், பால்காரர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்ற தகவல், எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கு வந்தது. அவர் ஒரு நாள் திண்ணையில் இல்லையென்றால் தெரு கேட்கும். இன்றைக்கு ஆறடி காம்பவுண்டு சுவர், அதன் மேல் கண்ணாடித் துண்டு, தகரம் அடித்த கேட். திண்ணை கட்ட இடமில்லை, சரி. சிட் அவுட்டில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று, அதில் உட்கார்ந்தால் தெரு தெரியும்படி கேட்டில் கம்பி. முன்பக்க அறை, படுத்திருந்தாலும் வெளியே தெரியும்படி தாழ்ந்த ஜன்னல். இதற்கு ஒரு பைசா கூடுதலாக ஆகாது.

சரி, இவ்வளவு வம்பெல்லாம் எதற்கு, பேசாமல் கோயம்புத்தூர் பக்கம் ஒரு ரிட்டயர்மென்ட் குடியிருப்பில் வாங்கிக்கொண்டு போய்விட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2000-களின் தொடக்கத்திலிருந்தே கோவையைச் சுற்றி இவை முளைத்து வருகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, நல்ல ஆஸ்பத்திரிகள், விமான நிலையம், புறநகரில் அன்றைக்குக் கிடைத்த மலிவான நிலம், வெளிநாட்டில் பிள்ளைகள், காரணம் நிறைய. அங்கே போய்ப் பார்த்தால், நான் இதுவரை சொன்னதில் பாதியைச் செய்துவைத்திருப்பார்கள்: அகலக் கதவு, தடுப்பில்லாத வாசல், கம்பி, அழைப்பு மணி, சாப்பாட்டுக்கூடம். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் இவற்றுக்கென்றே மாதிரி வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. வழுக்காத தரை, சாய்தளம், கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி, ஒலியும் ஒளியும் காட்டும் லிஃப்ட், கட்டியவர், பராமரிப்பவர், வாங்குபவர் மூவருக்கும் இடையே முத்தரப்பு ஒப்பந்தம் என்றெல்லாம் அதில் உண்டு. ஆனால் பெயரே மாதிரி நெறி, மாநிலம் ஏற்று விதியாக்கினால்தான் பல் முளைக்கும். பார்க்கப் போகிறவர்கள் தோட்டத்தையும் கோவிலையும் பார்த்து மயங்காமல், மாதப் பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறலாம், வாங்குகிறோமா டெபாசிட் கட்டிக் குடியிருக்கிறோமா, ஒருவர் படுத்த படுக்கையானால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கையில் ஒரு டேப்பையும் எடுத்துப் போங்கள்.

சாதாரண ஃபிளாட்டுக்கு மாறுகிறவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. லிஃப்ட் இருக்கிறது என்றதும் திருப்தியாகிவிடாதீர்கள். உள்ளே "6 பேர், 408 கிலோ" என்று எழுதியிருந்தால் அதில் ஸ்ட்ரெச்சர் போகாது. நடு இரவில் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு ஆளைப் போர்வையில் கட்டிப் படிவழியாக இறக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் வீட்டில் பேசிப் பாருங்கள், முதல் எதிர்ப்பு அந்த முதியவரிடமிருந்தே வரும். "நான் என்ன நோயாளியா, என் வீட்டை ஆஸ்பத்திரி ஆக்குறியா" என்பார்கள். போன வருடம் அப்பா வீட்டுப் பாத்ரூமை இடித்துக் கட்டினோம். அவருக்கு 71. தரை மட்டத்துக்கு ஒத்துக்கொண்டார், அகலக் கதவுக்கு ஒத்துக்கொண்டார், டாய்லெட்டின் உயரம் பிடித்தே போய்விட்டது. கம்பிக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாட்ட வந்த பையன் டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். கடைசியில் அம்மாதான், "அது துண்டு போடுறதுக்குங்க" என்றார். இப்போது அப்பா தினமும் அதில் துண்டைக் காயப்போடுகிறார். எழுந்திருக்கும்போது அதைப் பிடித்துக்கொள்கிறாரா என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. துண்டின் ஒரு ஓரம் மட்டும் கசங்கியே இருக்கிறது என்கிறார் அம்மா.